ஓடும்போது பாதம் எங்கே ஊன்ற வேண்டும்? ஓட்டமுறையைத் திருத்திக்கொள்ள வழி கேட்கிறேன்

கேள்வி: நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. கணக்கு எழுதும் வேலை என்பதால் பகல் முழுவதும் நாற்காலியிலேயே கழிகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடைப்பயிற்சிக்காக ரேஸ்கோர்ஸ் சாலைக்குச் செல்லத் தொடங்கி, சிறிது சிறிதாக ஓட்டத்துக்கு மாறினேன். இப்போது வாரத்தில் நான்கு நாள்கள், மொத்தம் 38 கிலோமீட்டர் வரை ஓடுகிறேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்பது, பேசிக்கொண்டே ஓடக்கூடிய என் இயல்பான வேகம். வரும் டிசம்பரில் கோவை மாரத்தானின் 21.1 கிலோமீட்டர் பிரிவில் ஓடுவதற்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

12 கிலோமீட்டரைத் தாண்டியதும் இரண்டு முட்டிச் சில்லுகளுக்கும் அடியில் மந்தமான ஒரு வலி தொடங்குகிறது. வலது காலில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உட்புற ஓரமாக இழுத்துப் பிடிப்பது போன்ற வலியும் உண்டு. சென்ற மாதம் நண்பர் ஒருவர் நான் ஓடுவதைப் பக்கவாட்டிலிருந்து செல்பேசியில் படம் பிடித்துக் காட்டினார். என் மனத்தில் நான் ஓடுவதாக நினைத்திருந்த விதத்துக்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பே இல்லை. முழங்கால் ஏறத்தாழ நேராக நீண்டு, கால்விரல்கள் வானைப் பார்த்தபடி, குதிகால் உடலுக்கு வெகு முன்னால் போய்த் தரையில் விழுகிறது.

அதன்பின் இணையத்தில் பல காணொளிகளைப் பார்த்துவிட்டு, முன்பாதத்தில்தான் ஊன்ற வேண்டும் என்று முடிவு செய்து, இரண்டு வாரம் அப்படியே ஓடினேன். பத்தாம் நாள் கெண்டைச்சதை கல்லாக இறுகிவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் நான்கு அடி வைப்பதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பத்து நாள் ஓய்வெடுத்த பிறகு இப்போது வலி அடங்கியிருக்கிறது.

என் கைக்கடிகாரம் நிமிடத்துக்கு 156 காலடிகள் என்று காட்டுகிறது. 180 இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். கடைக்காரர் ஒருவர், உள்ளே கார்பன் தகடு வைத்த காலணி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். நான் முன்பாதத்துக்கு மாறத்தான் வேண்டுமா? 180 என்பது கட்டாயமா? 43 வயதில் ஓடும் முறையை மாற்றிக்கொள்ள முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: வைகறை (சென்னை)

வணக்கம் நண்பரே. பதினெட்டு ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓடுகிறேன். கடந்த ஒன்பது ஆண்டுகளாகப் புதியவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறேன். நீங்கள் எழுதியதைப் போன்ற கடிதம் ஆண்டுக்குப் பத்தாவது எனக்கு வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறும் நீங்கள் செய்ததேதான். அதனால் முதலில் அதைத் தெளிவாக்கிவிட விரும்புகிறேன்.

பாதத்தின் எந்தப் பகுதி தரையைத் தொடுகிறது என்பது ஒரு கேள்வி. உடலுக்கு எவ்வளவு முன்னால் அது தரையைத் தொடுகிறது என்பது வேறொரு கேள்வி. உங்களுக்குச் சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. நீங்கள் திருத்த முயன்றதோ முதலாவதை. குதிகாலில் ஊன்றுவது நோயன்று. 2004இல் ஜப்பானின் சப்போரோ நகரில் நடந்த பன்னாட்டு அரை மாரத்தானில் 15ஆம் கிலோமீட்டர் அருகே ஓட்டக்காரர்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். அங்கே ஓடியவர்கள் தேர்ந்த வீரர்கள். அவர்களிலேயே ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றினார்கள். முன்னணியில் சென்றவர்களிடையே நடுப்பாதத்தில் ஊன்றுவோரின் பங்கு சற்றுக் கூடியிருந்தது உண்மை. எனினும் அங்கும் குதிகால்காரர்களே மிகுதி. 2017இல் லண்டனில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் மாரத்தானிலும் பெரும்பான்மையோர் அப்படியே ஓடினார்கள். உலகத்தரத்தில் ஓடும் இத்தனை பேர் குதிகாலில் ஊன்றும்போது, அதையே குற்றம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஆனால் அவர்களின் படத்தையும் உங்கள் படத்தையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். அவர்களின் குதிகால் தரையைத் தொடும் நொடியில் முழங்கால் மடங்கியிருக்கும். கணுக்கால் முழங்காலுக்கு நேர் கீழே அல்லது மிகச் சிறிதே முன்னால் இருக்கும். உங்களுக்கு முழங்கால் நீண்டு, கீழ்க்கால் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. மிதிவண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது காலை முன்னால் நீட்டித் தரையில் ஊன்றி நிறுத்துவோமே, கிட்டத்தட்ட அந்தச் செயலைத்தான் நீங்கள் ஒவ்வோர் அடியிலும் செய்கிறீர்கள். ஓடும்போது ஒவ்வோர் ஊன்றலிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. மடங்கிய முழங்கால் அதை வாங்கித் தொடைத் தசைக்கு மெல்லக் கடத்தும். நீண்ட முழங்காலில் அந்த வாய்ப்புக் குறைவு. போதாக்குறைக்கு, விசையின் ஒரு பகுதி உங்களைப் பின்னோக்கித் தள்ளி வேகத்தையும் குறைக்கிறது. குறைந்த வேகத்தை மீட்க அடுத்த அடியில் மீண்டும் உழைக்கிறீர்கள்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். படத்தை மிக மெதுவாக ஓடவிட்டு, காலணி தரையைத் தொடும் முதல் சட்டகத்தில் நிறுத்துங்கள். முட்டிச் சில்லின் நடுவிலிருந்து திரையில் ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வையுங்கள். கணுக்கால் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளியைக் குறைப்பது ஒன்றுதான் உங்கள் வேலை. அது குறையும்போது பாதம் ஊன்றும் விதம் தானாகச் சிறிது தட்டையாகும். அதைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம்.

அதற்கு எளிய கருவி காலடி எண்ணிக்கை, அதாவது கேடன்ஸ். 180 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் உள்ள அச்சம் போய்விடும். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டியின்போது ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் ஓட்டக்காரர்களின் காலடிகளை எண்ணினார். அவர் கவனித்த 46 பேரில் ஒருவர் மட்டுமே 180க்குக் குறைவாக எடுத்து வைத்தார். அவர்கள் அனைவரும் ஒலிம்பிக் வீரர்கள். ஓடியதும் பந்தய வேகத்தில். கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தில் ஓடும் நம்மைப் போன்றவர்கள் அந்த எண்ணைச் சட்டமாக எடுத்துக்கொள்வது பொருந்தாது. வேகம், கால் நீளம், உயரம் ஆகியவற்றுக்கேற்ப ஆளுக்கு ஆள் அது மாறும்.

இப்போது இருப்பதைவிட 5 விழுக்காடு கூட்டுங்கள். உங்கள் 156க்கு அது 8. ஆகவே இலக்கு 164. 2011இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வேகத்தை மாற்றாமல் காலடி எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு உயர்த்தியபோது முழங்காலும் இடுப்பும் ஏற்கும் சுமை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இதில் 'வேகத்தை மாற்றாமல்' என்ற சொல்லைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பலரும் காலடியை விரைவுபடுத்தும்போது வேகத்தையும் சேர்த்தே கூட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் காலடியின் நீளம் முன்பு போலவே இருக்கும், எதுவும் மாறியிருக்காது. கணக்கைப் பாருங்கள்: 7 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால், 156 காலடியில் ஒவ்வோர் அடியும் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். 164இல் அது 87. வேறுபாடு 5 சென்டிமீட்டர், மூன்று விரற்கடை. நீங்கள் உங்கள் உடலிடம் கேட்பது அந்த மூன்று விரற்கடையைத்தான். முன்பாதத்துக்குத் தாவியபோது அதைவிடப் பன்மடங்கு கேட்டுவிட்டீர்கள்.

செல்பேசியில், சீரான தாளத்தில் ஒலி எழுப்பும் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கி 164க்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம், வழக்கமான ஓட்டத்தின் நடுவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு நிமிடம் அந்த ஒலிக்கு ஏற்ப ஓடிவிட்டு, பின் மறந்துவிடுங்கள். இரண்டாம் வாரம் இரண்டு நிமிடம். இப்படி ஏறி ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்தில் முழு ஓட்டமும் அதில் அமைந்துவிடும். முதல் சில நாள்கள் கத்தரித்த அடிகளாக, ஏதோ அவசரத்தில் ஓடுவது போல் இருக்கும். மூச்சும் சற்று மிகும். அது பழக்கமின்மையால் வருவது, பொறுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் சாலை அமைதியாக இருக்குமல்லவா? அப்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் உங்கள் காலணியின் சத்தத்தைக் கேளுங்கள். 'தப் தப்' என்று அறைவது, காலடி குறுகக் குறுக மெலிந்துவருவதை நீங்களே உணர்வீர்கள்.

காலணி பற்றி: தகடு வைத்த காலணி பந்தய வேகத்துக்காகச் செய்யப்பட்டது. உங்கள் காலின் ஊன்றும் இடத்தை அது மாற்றாது. இப்போதைய காலணி 700 கிலோமீட்டரைத் தாண்டாமல், அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேயாமல் இருந்தால் அதையே தொடருங்கள். முறையை மாற்றும் வேளையில் காலணியையும் மாற்றினால், எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும்.

பதில் 2: எண்சுவடி

வைகறை அவர்களின் விளக்கம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. எனக்கு ஓர் ஐயம் மட்டும் உண்டு. 21.1 கிலோமீட்டரை 7 நிமிட வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 148 நிமிடம் ஆகும். 156 காலடி என்றால் மொத்தம் சுமார் 23,000 அடிகள். 164 என்றால் 24,200க்கும் மேல். ஒவ்வோர் அடியிலும் சுமை குறைகிறது என்பது சரி, ஆனால் ஏறக்குறைய 1,200 அடிகள் கூடுதலாக விழுகின்றனவே? கூட்டிக் கழித்தால் முழங்காலுக்குக் கிடைப்பது அதே சுமைதானே? யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 3: மருதநிலா (மதுரை)

நான் இயன்முறை மருத்துவர். ஓட்டக்காரர்களின் கால் வலிகளையே பெரும்பாலும் பார்க்கிறேன். எண்சுவடி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. எலும்பும் குருத்தெலும்பும் தசைநாணும் சுமையைக் கூட்டல் கணக்காக ஏற்பதில்லை. ஓர் அடியின் சுமை இரு மடங்கானால் திசுவுக்கு ஏற்படும் தேய்மானம் இரு மடங்குக்கும் வெகுவாக மிஞ்சிப்போகும். ஐம்பது கிலோ மூட்டையை ஒருமுறை தூக்குவதும், ஐந்து கிலோ பையைப் பத்து முறை தூக்குவதும் முதுகுக்கு ஒன்றாக இருப்பதில்லை அல்லவா? அதனால் சற்றுக் குறைந்த சுமையைச் சற்றுக் கூடுதலான முறை தாங்குவது முழங்காலுக்கு இலாபமாகவே முடிகிறது. மேலும், காலடி 5 விழுக்காடுதான் கூடுகிறது. முட்டிச் சில்லின் பின்புறம் விழும் அழுத்தம் பெரும்பாலோரிடம் அதைவிட அதிகமாகவே குறைகிறது.

நொய்யல்கரை அண்ணா, முன்பாதத்தில் ஓடியபோது உங்களுக்கு நேர்ந்ததை விளக்கிவிடுகிறேன். குதிகாலில் ஊன்றும்போது சுமையின் பெரும்பங்கை முழங்கால் ஏற்கிறது. முன்பாதத்தில் ஊன்றினால் அந்தச் சுமை மறைந்துவிடுவதில்லை. கெண்டைச்சதைக்கும் குதிகாலுக்குப் பின்னால் உள்ள அகில்லிஸ் தசைநாணுக்கும் கைமாறுகிறது. இருபது ஆண்டுகள் நாற்காலியில் இருந்த கெண்டைச்சதைக்கு அந்த வேலையைப் பத்தே நாளில் கொடுத்தால் அது இறுகத்தான் செய்யும். அப்போது நிறுத்தியது மிகச் சரியான முடிவு. தொடர்ந்திருந்தால் தசைநாண் வீங்கி, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

வலது கீழ்க்கால் வலியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எலும்பின் உட்புற ஓரமாக, நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக, தடவினால் வலித்து, ஓடத் தொடங்கிய பின் சற்றுத் தணிந்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது மிகை உழைப்பால் கீழ்க்கால் எலும்போரம் வரும் வலி. மாறாக, ஒரே ஒரு விரல் நுனி பதியும் அளவுள்ள இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் நின்று குதித்தால் அதே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கக்கூடும். அப்படியானால் கேடன்ஸ், காலணி, பயிற்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தொடக்க நிலை விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. அதனால் 'எக்ஸ்ரே சரியாக இருக்கிறது' என்று கேட்டவுடன் மறுநாளே ஓடக் கிளம்பிவிட வேண்டாம். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், பந்தயத் தேதியை மனத்தில் வைத்து வலியை மறைத்து ஓடி, ஆறு மாதம் இழந்தவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அடுத்து, இரண்டு விவரங்கள் வேண்டும். வாரத்துக்கு 38 கிலோமீட்டர் என்றீர்கள். அதற்கு முன் எவ்வளவு ஓடினீர்கள், எத்தனை வாரத்தில் கூட்டினீர்கள்? ஓட்டமுறையைக் குறை சொல்லும் முன் இதைக் கேட்பது என் வழக்கம். ஏனெனில் என்னிடம் வருவோரில் பலருக்கு முறையைவிட அவசரமே காரணமாக இருக்கிறது. இரண்டாவது, சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி மெல்ல இறக்குங்கள். இடையில் நிற்காமல் ஒவ்வொரு காலிலும் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். 21 கிலோமீட்டர் ஓட எண்ணும் ஒருவரிடம் நான் இருபதுக்கு மேல் எதிர்பார்ப்பேன்.

நொய்யல்கரை

விரிவாக எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மருதநிலா அம்மா கேட்டதற்கு வெளிப்படையாகப் பதில் சொல்கிறேன். மார்ச் வரை வாரத்துக்கு 22 கிலோமீட்டர்தான் ஓடிவந்தேன். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த உற்சாகத்தில் ஐந்தே வாரத்தில் 38க்குக் கூட்டிவிட்டேன். வலி தொடங்கியதும் அப்போதுதான் என்பது இப்போது தேதிகளைப் புரட்டிப் பார்க்கும்போது விளங்குகிறது. குதிகால் தூக்கும் சோதனையில் இடக்காலில் 19, வலக்காலில் 12 மட்டுமே முடிந்தது. வலி பரவலாகத்தான் இருக்கிறது. ஒற்றைக் காலில் குதித்தால் வலிக்கவில்லை. இரவில் தொல்லை இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். படத்தில் என் தோள்கள் காது வரை உயர்ந்து, கைகள் மார்புக்குக் குறுக்கே ஆடுகின்றன. அதையும் திருத்த வேண்டுமா?

மருதநிலா

12க்கும் 19க்கும் உள்ள வேறுபாடே வலது கீழ்க்கால் ஏன் முணுமுணுக்கிறது என்பதற்குப் பாதி விடை. வாரத்தில் மூன்று நாள், ஓடாத வேளையில், ஒற்றைக் காலில் குதிகால் தூக்குதல்: முழங்காலை நேராக வைத்து மூன்று சுற்று, முழங்காலைச் சற்று மடக்கி மூன்று சுற்று. மடக்கிச் செய்யும்போது கெண்டைச்சதைக்கு அடியில் உள்ள சோலியஸ் தசை வேலை செய்கிறது. ஓட்டத்தில் உடல் எடையைப் பன்மடங்காகத் தாங்குவது அதுவே. வலக்காலுக்குக் கூடுதலாக ஒரு சுற்று. இடுப்புத் தசைகளுக்கு, படிக்கட்டின் ஒற்றைப் படியில் பக்கவாட்டாக நின்று மறு காலைத் தரைக்கு இறக்கி ஏற்றும் பயிற்சியைக் கண்ணாடி முன் செய்யுங்கள். முழங்கால் உள்பக்கமாகச் சரியக் கூடாது. ஓட்டத்தை 28 கிலோமீட்டருக்கு இறக்கி, அங்கிருந்து வாரத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மிகாமல் ஏறுங்கள். நான்காவது வாரம் ஏறாமல் அப்படியே நில்லுங்கள். தோள், கை பற்றி எனக்கு மேலே அனுபவமுள்ளவர்கள் சொல்லட்டும்.

பதில் 4: செம்மண்தடம் (திருநெல்வேலி)

தம்பி, நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சுண்ணாம்புக் கோடு போட்ட செம்மண் தடத்தில் பிள்ளைகளை ஓடவைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் திருத்த முனைய வேண்டாம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஜாட்டோபெக், தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஓடினார். 2003இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் மாரத்தான் ஓடி, பதினாறு ஆண்டுகள் நிலைத்த பெண்கள் உலகச் சாதனையைப் படைத்த பாலா ராட்கிளிஃப், ஒவ்வோர் அடிக்கும் தலையை அசைத்தவர். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி சிறுவயதில் புத்தகங்களை இடக்கையில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடிய பழக்கத்தில், உலகச் சாதனை ஓட்டங்களிலும் இடக்கையைச் சற்று மடக்கியே வைத்திருந்தார். உடலின் தனித்தன்மையாக வரும் அசைவு வேறு. ஓட்டத்துக்குத் தடையாக நிற்கும் அசைவு வேறு. உங்கள் படத்தில் காலை நீட்டி ஊன்றுவது இரண்டாம் வகை, அதைத் திருத்தத்தான் வேண்டும். தோளும் கையும் அதற்கு அடுத்த நிலையில்தான் வரும்.

இருந்தாலும் தோள் காது வரை ஏறினால் கழுத்து இறுகும், மூச்சு மேலோட்டமாகும். அதற்குப் பிள்ளைகளிடம் நான் சொல்லித்தந்தது ஒன்றே: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் ஒரு காய்ந்த புளிய இலையை வைத்துக்கொள், அது நொறுங்கவும் கூடாது, விழவும் கூடாது. முஷ்டி தளர்ந்தால் முன்கை தளரும். முன்கை தளர்ந்தால் தோள் தானாக இறங்கும். கைகள் முன்னால் வருவதைப் பற்றி நினைக்காமல், முழங்கையைப் பின்னால் கொண்டுபோவதை மட்டும் நினையுங்கள். பின்னால் சரியாகப் போன கை மார்பைக் குறுக்கே கடக்காது. ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் ஒருமுறை இரு கைகளையும் தொங்கவிட்டு உதறிவிட்டுத் தொடருங்கள்.

முன்சாய்வு பற்றியும் தவறான பேச்சு நிறைய உலவுகிறது. இடுப்பில் வளைந்து குனிந்தால் பிட்டம் பின்னால் தள்ளி, கால் இன்னும் முன்னால்தான் போய் விழும். சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கணுக்காலிலிருந்து தலை வரை ஒரே கோலாக உடலைச் சாய்த்து, விழப்போகும் நேரத்தில் கையை ஊன்றிப் பாருங்கள். அந்தச் சாய்வின் மிகச் சிறிய பங்கு போதும்.

காலைத் தனக்கு நேர் கீழே ஊன்றுவதைச் சொல்லித்தர என்னிடம் செலவில்லாத ஒரு கருவி இருந்தது: ஸ்கிப்பிங் கயிறு. கயிறு தாண்டும் ஒருவர் காலை முன்னால் நீட்டி ஊன்றவே முடியாது, கயிறு தடுக்கிவிடும். உடலுக்கு நேர் கீழே, முழங்கால் மடங்க, மெல்ல, சத்தமின்றித்தான் இறங்க முடியும். ஓடத் தொடங்கும் முன் இருபது தாண்டல், மூன்று முறை. அந்த இறக்கத்தின் உணர்வு காலில் இருக்கும்போதே ஓடத் தொடங்குங்கள். கெண்டைச்சதை இறுகினால் ஒரு நாள் விட்டுவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், ஓட்டம் முடிந்தபின், 80 மீட்டர் தொலைவை நான்கு முறை, மூச்சுத் திணறாத விரைவில் ஓடி, நடந்து திரும்புங்கள். விரைவில் ஓடும்போது உடல் தானாகவே நல்ல முறைக்கு வருவதைப் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஓடும் சாலை சுற்றுப்பாதை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எப்போதும் ஒரே திசையில் ஓடினால், வளைவிலும் சாலைச் சரிவிலும் ஒரே கால் கூடுதலாக உழைக்கும். அதையும் ஒருமுறை கவனியுங்கள். வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐம்பத்தாறு வயதில் நான் என் ஊன்றலை மாற்றிக்கொண்டேன். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

நொய்யல்கரை (ஏழு வாரங்களுக்குப் பின்)

ஐயா, அம்மா, நண்பர்களே, வணக்கம். வாக்களித்தபடி நிலவரத்தை எழுதுகிறேன். முதல் மூன்று வாரம் மிகவும் சலிப்பாக இருந்தது. மெட்ரோனோம் ஒலித்த நிமிடத்தில் 164 வந்தது. அது நின்றதும் கால் பழைய தாளத்துக்கே திரும்பியது. நான்காம் வாரத்தில் ஒருநாள், ஒலி இல்லாமலேயே கடிகாரம் 161 என்று காட்டியது. இப்போது முதல் பத்து கிலோமீட்டரில் 162 முதல் 164 வரை தானாக அமைகிறது. வேகம் அதே 7 நிமிடம்தான்.

செம்மண்தடம் ஐயா சொன்னது என்னைத் திடுக்கிடவைத்தது. இரண்டு ஆண்டுகளாக நான் ரேஸ்கோர்ஸ் சாலையை ஒரே திசையில்தான் சுற்றிவந்திருக்கிறேன் என்பதை அதைப் படித்த பிறகே உணர்ந்தேன். இப்போது ஒரு சுற்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். வலக்காலில் குதிகால் தூக்குதல் 12இலிருந்து 18க்கு வந்திருக்கிறது. முட்டிச் சில்லு வலி சென்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. ஞாயிறு நெடுந்தூர ஓட்டத்தில் 15ஆம் கிலோமீட்டரைத் தாண்டியதும் எண்ணிக்கை 157க்கு இறங்கி, காலணி மீண்டும் அறையத் தொடங்குகிறது. கீழ்க்காலும் இலேசாக நினைவூட்டுகிறது. நான் அப்போது என்ன செய்ய வேண்டும்?

வைகறை

ஏழு வாரத்தில் இது நல்ல முன்னேற்றம், மனம் நிறைந்தது. 15க்குப் பின் குலைவது களைப்பினால். அதை மன உறுதியால் தாங்கிப் பிடிக்க முயல வேண்டாம். காலணி அறையும் சத்தம் கேட்டவுடன் ஒரு நிமிடம் நடந்துவிடுங்கள். நடக்கும்போது தோளை உதறி, இரண்டு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, மெட்ரோனோமை 164இல் வைத்து ஐந்து நிமிடம் ஓடுங்கள். மீண்டும் சத்தம் வந்தால் மீண்டும் ஒரு நிமிடம் நடை. அடுத்த மூன்று ஞாயிறுகளுக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். கெட்டுப்போன முறையில் ஓடும் கூடுதல் நான்கு கிலோமீட்டர், கெட்டுப்போன முறைக்கே பயிற்சியாகிவிடும். பந்தய நாளிலும் முதல் கிலோமீட்டரிலிருந்தே, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் முப்பது நொடி நடப்பது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நவம்பர் நடுவில், முதலில் எடுத்த அதே இடத்தில், அதே பக்கத்திலிருந்து, 14ஆம் கிலோமீட்டரில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். களைத்திருக்கும் காலைப் பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று என்னால் சொல்ல முடியும்.